ஓஹையோவில் ஒரு 1969 ஷெவெல் எஸ்எஸ், விலை 52,000 டாலர்: வாங்கலாமா?

நோவி செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் நோவியில் இருக்கிறேன். பதினாறு ஆண்டுகளாகப் பிரேக்குக்கான மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு வரி மென்பொருள்கூட இல்லாத கார் ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

சென்ற ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூ கார் ஊர்வலத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சிக்னலில் ஒரு 1969 செவர்லே ஷெவெல் எங்கள் அருகே வந்து நின்றது. நின்ற இடத்திலேயே அது உறுமிய உறுமலில் மகள் கையிலிருந்த ஐஸ்கிரீம் நடுங்கியது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இப்போது ஓஹையோவில் ஒருவர் அதே ஆண்டு ஷெவெல் எஸ்எஸ் 396 விற்கிறார்; எஸ்எஸ் என்பது ஷெவெலின் வேக வகை, 396 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் அளவு. சிவப்பு, கறுப்புப் பட்டை, நான்கு கியர். எல்லா எண்களும் பொருந்துகின்றன என்கிறார். 52,000 டாலர் கேட்கிறார். நாற்பது புகைப்படங்கள் அனுப்பியிருக்கிறார். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேறொருவர் பார்க்க வருகிறாராம், 2,000 டாலர் முன்பணம் அனுப்பினால் எனக்காக நிறுத்திவைப்பாராம். அனுப்பலாமா?

பழைய இரும்பு

அனுப்பாதீர்கள். அந்த வெள்ளிக்கிழமைக்காரரை நானும் நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் எல்லாக் கார்களையும் பார்க்க வருவார், எதையும் வாங்கியதில்லை.

வின் எண்ணின், அதாவது காரின் அடையாள எண்ணின், முதல் மூன்று இலக்கங்களை மட்டும் இங்கே எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நோவி செந்தில்

136. அடுத்து 37, பிறகு 9.

பழைய இரும்பு

நல்லது. 135 என்று இருந்திருந்தால் பேச்சு இங்கேயே முடிந்திருக்கும். அந்தக் கால ஷெவெலில் மூன்றாவது இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆலையில் ஆறு சிலிண்டரோடு பிறந்த கார், இரட்டைப்படை என்றால் எட்டு சிலிண்டர் வி8. 136 என்பது வி8 போட்ட மாலிபு, ஷெவெலில் ஒரு வகை. 37 என்பது இரண்டு கதவு ஹார்டுடாப். 9 என்பது ஆண்டு. அவ்வளவுதான். உங்கள் எண்ணில் எஸ்எஸ் என்பதற்கான தடயம் எதுவும் கிடையாது.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் 52,000 டாலர் இதில்தான் தொங்குகிறது. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல். எண் 138 என்று தொடங்கினால் அது எஸ்எஸ், வாதமே இல்லை. 1969-இல் செவர்லே அதைத் தனி மாடலாக வைக்காமல் இசட்25 என்ற கூடுதல் பொதியாக மாற்றிவிட்டது. சாதாரண மாலிபு வாங்கப் போனவர் ஆர்டர் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும்: 396 எஞ்சின், முன்பக்க டிஸ்க் பிரேக், கறுப்பு கிரில், எஸ்எஸ் எழுத்துகள் எல்லாம் வந்துவிடும். காரின் வின் எண்ணோ மாலிபுவின் எண்ணாகவே இருக்கும். அந்த ஆண்டு 86,000-க்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள். துருவில் எத்தனையோ போய்விட்டன. ஆனால் விற்பனைக்கு வரும் எஸ்எஸ் கார்களைப் பார்த்தால் அவை குட்டி போடுகின்றனவோ என்று தோன்றும்.

நல்ல மாலிபுவும் நல்ல எஸ்எஸ்ஸும் தகட்டளவில் ஒன்றுதான். நீங்கள் அதிகமாகக் கொடுக்கப்போகும் பணம் முழுவதும், ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு படிவத்தில் யாரோ போட்ட பேனாக்குறிக்கு. அந்தக் குறி உண்மையா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பீர்கள்?

கார்புரேட்டர் காதலன்

ஐயா சொல்வது சரி, ஆனால் கேள்வியையே நான் வேறு மாதிரி கேட்பேன். செந்தில், உங்களுக்கு வேண்டியது அந்த உறுமலா, அந்தப் பேனாக்குறியா?

நான் டெக்சஸில் இருக்கிறேன். என்னுடையது 1968 மாலிபு. அதில் 396 கிடையாது, புதிய எல்எஸ் எஞ்சின் போட்டிருக்கிறேன். ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஏசி. எஸ்எஸ் எழுத்து எதையும் ஒட்டவில்லை. ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டனுக்கு ஜூலை வெயிலில் போய்வருகிறேன். எண் பொருந்தும் காரை வைத்திருப்பவர்கள் அதை மூடிய டிரெய்லரில் ஏற்றி, கண்காட்சிக்குக் கொண்டுபோய், பானெட்டைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கார் வைத்திருப்பவரா, கோயில் உண்டியலுக்குக் காவல் இருப்பவரா என்று சந்தேகம் வரும்.

பழைய இரும்பு

தம்பி, உங்கள் காரில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மாலிபுவை மாலிபு என்றுதான் சொல்கிறீர்கள். அதே காருக்கு எஸ்எஸ் பட்டை ஒட்டி, எஸ்எஸ் விலை கேட்பவரிடம்தான் எனக்குச் சண்டை. போலி என்று சொல்லி விற்றால் அது மரியாதைப் பிரதி. சொல்லாமல் விற்றால் மோசடி. செந்திலிடம் கேட்பது அசல் விலை.

ஃபீனிக்ஸ் வெயில்

எண்கள் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தக் கார் எந்த மாநிலத்தில் வாழ்ந்தது?

நான் அரிசோனா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு 1970 பிளிமத் ரோடு ரன்னரைப் புகைப்படம் பார்த்தே வாங்கினேன். வடகிழக்கில் ஒரு வியாபாரி. ஊரும் பெயரும் வேண்டாம், இன்னும் கோபம் வரும். லாரியிலிருந்து இறக்கியபோது பெயின்ட் பளபளத்தது. குளிர்சாதனக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பின் மட்கார்டில் வைத்தேன். விழுந்தது. சற்று மேலே வைத்தேன், அங்கும் விழுந்தது. சக்கர வளைவிலிருந்து டிக்கி ஓரம் வரை அடியில் இரும்பே இல்லை, முழுக்கப் பட்டி. ஓர் இடத்தில் விரல் தடிமன். கூரையில் வினைல் உறை போட்டிருந்தது. அதைக் கிழித்தபோது பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கியது. கார் 31,000, டிங்கரிங் 19,000. இதில் பெயின்ட் சேரவில்லை.

பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் வாழ்ந்த காரை நம்பக் கூடாது. உங்கள் டெட்ராய்டுக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறதே. மேலே கார் செய்கிறார்கள், கீழே அதற்கு எமனைத் தோண்டுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கார்களுக்கு வேறு நோய். தகடு நன்றாக இருக்கும், டேஷ்போர்டு வயல் மாதிரி வெடித்திருக்கும், சீட்டைத் தொட்டால் தூளாகும், ரப்பர் ஒன்றுகூட உயிரோடு இருக்காது. ஆனால் சீட்டும் ரப்பரும் கடையில் கிடைக்கும்.

கார்புரேட்டர் காதலன்

தகடும் கிடைக்கிறது. 1969 கமாரோவுக்கு முழு உடலையே புதிதாக அடித்து விற்கிறது டைனாகார்ன் நிறுவனம். 60-களின் மஸ்டாங்குக்கும் உண்டு. கதவு, கூரை, தரை எல்லாம் ஒரே துண்டாக வந்து இறங்கும்.

ஃபீனிக்ஸ் வெயில்

கிடைக்கும். வெல்டிங் செய்பவர் மணிக்கு எவ்வளவு கேட்கிறார் என்றும் சொல்லுங்கள்.

நோவி செந்தில்

பயமாக இருக்கிறது, ஆனால் நல்ல பயம். முன்பணம் அனுப்பவில்லை. சனிக்கிழமை நேரில் போகிறேன், மூன்று மணி நேரப் பயணம். எதை எதைப் பார்க்க வேண்டும்? ஒரு சந்தேகமும் உண்டு: எண் பொருந்துகிறது என்றால் எந்த எண் எதோடு பொருந்த வேண்டும்?

பழைய இரும்பு

கேட்டது நல்லது. இந்தச் சொல்லை விளம்பரத்தில் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதற்கு விடை தெரியாது.

முதலில் தாள். ஆலையில் கார் வரிசையில் நகரும்போது, எதெதைப் பொருத்த வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்று கூடவே போகும். அதைத்தான் பில்ட் ஷீட் என்கிறோம். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அதைச் சீட்டு ஸ்பிரிங்குக்குள் திணித்துவிடுவார்கள், அல்லது பெட்ரோல் டாங்கின் தலையில் ஒட்டியபடி விட்டுவிடுவார்கள். எலி கடிக்காமல் மிஞ்சியிருந்தால் அதுதான் தங்கம். முதல் உரிமையாளருக்குக் கொடுத்த வாரன்டி கையேட்டில் சிறு உலோகத் தகடு ஒன்றும் இருக்கும். அதில் எஞ்சின் குறியீடு பதிந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் 1969 ஷெவெல் எஸ்எஸ்ஸை நிரூபிப்பது கடினம். அமெரிக்காவில் விற்ற கார்களுக்குச் செவர்லேயிடம் கேட்டுப் பயனில்லை. கனடாவில் விற்ற கார் என்றால் அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவிடம் பழைய பதிவேடு இருக்கிறது, பணம் கட்டினால் கொடுப்பார்கள்.

அடுத்து எஞ்சின். முன்பக்கம், உங்களுக்கு வலப்புறம் படும் சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, சிறிய சமதளம் ஒன்று இருக்கும். இல்லை, தவறாகச் சொல்கிறேன்: சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்புறம். காரின் முன்னால் நின்று பார்த்தால் உங்கள் இடக்கைப் பக்கம். எண்ணெய் பிசுக்கைத் துடைத்தால் இரண்டு பதிவுகள் தெரியும். ஒன்று எஞ்சின் குறியீடு. மற்றது வின் எண்ணின் கடைசிப் பகுதி: முதலில் செவர்லேக்கு 1, ஆண்டுக்கு 9, ஆலை எழுத்து, பிறகு ஆறு இலக்கத் தொடர் எண். அது டேஷ்போர்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். எண் பொருத்தம் என்பதன் சாரம் இதுதான்.

ஆனால் எண்ணை யாரும் சுத்தியலால் அடிக்கலாம். அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், எண்ணுக்கு அடியில் உள்ள தரையைப் பாருங்கள். ஆலையில் அந்தச் சமதளத்தைச் சீவும்போது ஒரே திசையில் மெல்லிய இணைகோடுகள் விழும், சீப்பால் வாரிய தலைபோல. பழைய எண்ணை அழிக்க அரைத்திருந்தால் அந்தக் கோடுகள் போயிருக்கும். வழவழப்பாகவோ, வட்ட வட்டமாகவோ இருக்கும். பழுதுபார்க்கும்போது நேர்மையாக அரைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் எண் போய்விடும், பாவம்.

மூன்றாவதாக வார்ப்புத் தேதி. எஞ்சின் உடலில் புடைத்த எழுத்தில் இருக்கும். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று மாத எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். பானெட்டுக்கு அடியில் சுவரில் அறைந்த சிறு தகட்டில் கார் உடல் கட்டப்பட்ட மாதமும் வாரமும் இருக்கும். எஞ்சின் வார்த்த நாள் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். அம்மாவைவிட மூத்த பிள்ளை இருக்க முடியாது இல்லையா? கார் உலகத்தில் இருக்கிறது.

கடைசியாக, போலி செய்கிறவர் மறக்கும் சின்ன விஷயங்கள். பெரிய எஞ்சின் கார்களுக்கு டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாய் 3/8 அங்குலம். சிறிய எஞ்சின் மாலிபுவுக்கு 5/16. பின் ஆக்சிலின் மூடியில் பன்னிரண்டு போல்ட் இருக்க வேண்டும். படுத்துப் பாருங்கள், பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

வாசகன்67

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு குழப்பத்துக்கும் இடம் வைத்து ஏன் விற்றார்கள்? எஸ்எஸ்ஸுக்குத் தனி எண் கொடுத்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

பழைய இரும்பு

அதற்கு 1964 போன்டியாக் ஜிடிஓவுக்குப் போக வேண்டும். அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஓர் உள்விதி: நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் போடக் கூடாது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய காருக்கான 389 எஞ்சினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது, பறந்தது. தனி மாடல் என்று அறிவித்தால் மேலிடம் தடுக்கும். கூடுதல் பொதி என்றால் மேலிடத்தின் ஒப்புதல் தேவையில்லை. ஆகவே டெம்பெஸ்ட் லெமான் காரின் படிவத்தில் ஏறத்தாழ 300 டாலருக்கு ஒரு கட்டமாக அதைச் சேர்த்துவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 போயின. மேலிடம் வாயை மூடிக்கொண்டது.

நடுத்தரக் காரில் பெரிய எஞ்சினைத் திணித்த மசில் கார் என்ற இனமே விதிக்குத் தப்பப் பிறந்த கள்ளப் பிள்ளை. சாதாரணக் காரின் போர்வையில் ஒளிந்துதான் அது ஆலையை விட்டு வெளியே வந்தது. இன்று அதே போர்வைக்குள் மற்றவர்கள் ஒளிகிறார்கள். 1964, 65 ஜிடிஓக்களின் வின் எண்ணிலும் ஜிடிஓ என்ற அடையாளம் இல்லை; 1966-இல்தான் தனி மாடலாகி 242 என்ற எண் வந்தது. நல்ல வேளையாக, போன்டியாக் தாள்கள் தப்பிவிட்டன. பிஎச்எஸ் என்ற நிறுவனத்துக்கு எண்ணை எழுதினால் ஆலைப் பதிவின் நகலே வரும். ஜிடிஓ வாங்குகிறவர் அந்தக் காகிதம் இல்லாமல் கைகுலுக்கக்கூட வேண்டாம்.

கவிதா ஆன் ஆர்பர்

ஃபோர்டு வாங்குகிறவர்களுக்கு இன்னும் எளிது. 1967 முதலான ஃபோர்டு, மெர்குரி கார்களுக்கு மார்ட்டி அறிக்கை கிடைக்கும். எந்த ஆலை, எந்த நிறம், எந்தக் கடை, என்ன கேட்டு வாங்கினார்கள் எல்லாம் இருக்கும். வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினையும் சொல்லிவிடும்.

என்னிடம் இருப்பது 1967 மெர்குரி கூகர், 289 எஞ்சின், ஆட்டோமேட்டிக். மஸ்டாங்கின் சித்தி மகள். எல்லோரும் மஸ்டாங்கைத் தேடி ஓடுவதால் இவளைக் குறைந்த விலையில் வாங்க முடிந்தது. முன் விளக்குகளை இமைபோன்ற மூடி மறைத்திருக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால் அது திறக்கிறது. ரப்பர் குழாயில் எங்காவது ஊசித்துளை விழுந்தால் ஒரு கண் முழுதாகத் திறக்கும், மறு கண் அரைத்தூக்கத்தில் நிற்கும். கோடை முழுவதும் என் கார் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. என் மாமியார் இன்றுவரை அதில் ஏறவில்லை.

செந்தில், ஆண்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள், உங்களுக்குச் சோறு போடும் பிரேக்கைப் பற்றி நான் சொல்கிறேன். பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். 1966 வரையிலான பெரும்பாலான கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே அறை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். 1967 முதல் இரட்டை அறை வந்தது. அதற்கு முந்தைய கார் வாங்கினால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மழையில் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு வீட்டு மனை அளவு இடம் விடுவேன்.

வாசகன்67

ஹெமி கூடாவைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் கனவு அதுதான்.

ஃபீனிக்ஸ் வெயில்

பெயரிலேயே கூடா என்று எச்சரிக்கை இருக்கிறதே.

426 ஹெமி போட்ட 1970 பிளிமத் கூடாவில் திறந்த கூரைக் கார்கள் மொத்தமே 14. 1971-இல் அதைவிடக் குறைவு. அவற்றில் ஒன்று 2014-இல் மீக்கம் நிறுவனத்தின் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. கிரைஸ்லர் கார்களில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பார்த்தால் போதும், ஆர் என்றால் அந்த ஆண்டுகளில் 426 ஹெமி. ஆகவே செவர்லேயைப்போல எளிதாக வேடம் போட முடியாது. வேடம் போட வேண்டுமானால் எண் தகட்டையே மாற்ற வேண்டும், அது சிறைக்குப் போகும் வேலை. விலை அந்த அளவுக்குப் போகும்போது அதற்கும் துணிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்புரேட்டர் காதலன்

இதையெல்லாம் கேட்டு முதலீடு என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2006 ஜனவரியில் பாரட்-ஜாக்சன் ஏலத்தில் ஒரு 1970 ஹெமி கூடா 20 லட்சம் டாலரைத் தாண்டியபோது எங்கள் ஊரில் பல் மருத்துவர்கள்கூட வீட்டை அடகு வைத்து மசில் கார் வாங்கினார்கள். 2008-இல் வங்கிகள் சரிந்தபோது அந்தக் கார்களும் சரிந்தன. வாங்கிய விலைக்கு விற்க முடியாமல் பல ஆண்டுகள் கொட்டகையில் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்து ஏலக்காரருக்கு. பிறகு வரி, லாரி வாடகை. கை தூக்கும்போது இதையெல்லாம் மனத்தில் கூட்டிக்கொண்டே தூக்க வேண்டும். பக்கத்தில் மனைவியை உட்காரவைப்பது நல்லது.

பழைய இரும்பு

இதில் உடன்படுகிறேன். ஒன்று சேர்க்கிறேன். பளபளப்புதான் விலை என்று நினைக்கிறவர்கள் 2020 ஜனவரியை நினைத்துக்கொள்ளலாம். நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் திரைப்படத்தில் ஓட்டிய 1968 மஸ்டாங் மீக்கமின் கிசிம்மீ ஏலத்துக்கு வந்தது. 1974-இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி, அன்றாடம் ஓட்டி, பிறகு ஓரமாக நிறுத்திவைத்த கார். மங்கிய பச்சை, துரு, ஒடுக்கு எதையும் தொடவில்லை. கட்டணத்தோடு சேர்த்து 37.4 லட்சம் டாலர். அதற்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் அந்தக் கையைத்தான் வெட்டியிருப்பார்கள்.

நோவி செந்தில்

போய்வந்தேன். சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன், முடியவில்லை.

மனிதர் நல்லவர். காப்பி கொடுத்தார். கார் புகைப்படத்தைவிட அழகு. காந்தம் ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒட்டியது, ஓட்டுநர் பக்கப் பின் மட்கார்டின் கீழே மட்டும் தயங்கியது. ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் மிதித்தபோது என் பதினாறு ஆண்டு மென்பொருள் வாழ்க்கை பின்கண்ணாடியில் சிறிதாகிப் போனது. அந்த நேரத்தில் அவர் 60,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பிறகு பழைய சட்டையோடு அடியில் படுத்தேன். ஆக்சிலில் பன்னிரண்டு போல்ட். மகிழ்ச்சி. பெட்ரோல் குழாயை அளந்தேன். 5/16. மீண்டும் அளந்தேன். பானெட்டுக்கு அடியில் தகட்டில் 02 சி என்று இருந்தது, அதாவது பிப்ரவரி மூன்றாம் வாரம். எஞ்சின் உடலருகே கைக்கண்ணாடியை நீட்டி, கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன்: டி 24 9. ஏப்ரல் 24. ஐயா சொன்ன மூத்த பிள்ளையின் கதையேதான். கார் பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அதன் அம்மாவான எஞ்சின் பிறந்திருக்கிறது. ஆனால் சமதளத்தில் உள்ள எண் டேஷ்போர்டு எண்ணோடு அப்படியே பொருந்துகிறது. சீப்புக் கோடுகள் இல்லை. கண்ணாடிபோல வழவழப்பு.

அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் நின்றார். அவரும் ஆறு ஆண்டுகளுக்கு முன் இதை அசல் என்றுதான் 47,000 கொடுத்து வாங்கியிருக்கிறார். வாங்கிய ரசீதைக் காட்டினார். என்னால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. கிளம்பும்போது 38,000-க்குத் தருகிறேன் என்றார். வண்டி ஓட்டும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

கார்புரேட்டர் காதலன்

38-க்கு நல்ல தகடு, 396, நான்கு கியர். நான் வாங்கிவிடுவேன். பேனாக்குறி இல்லை என்று தெரிந்தே வாங்குகிறீர்கள், அதில் ஏமாற்று இல்லை.

ஃபீனிக்ஸ் வெயில்

காந்தம் தயங்கிய இடத்தை மறக்காதீர்கள்.

பழைய இரும்பு

வாங்கலாம், எண்ணை அழித்து அடித்தது மட்டும் உறுத்துகிறது. நாளை நீங்கள் விற்கும்போது அந்த எண்ணைப் பற்றி வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்களிடம் வாங்குகிறவர் அதற்கு அடுத்தவரிடம் சொல்வாரா?

நோவி செந்தில்

அந்தக் கேள்விதான் என்னையும் நிறுத்தியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. 1972 கார்கள் சில மலிவாகத் தெரிகின்றன. ஆனால் குதிரைத்திறன் மிகவும் குறைவாக எழுதியிருக்கிறார்களே? அவ்வளவு மோசமா?

பழைய இரும்பு

பாதி உண்மை, பாதி கணக்கு. 1971 வரை எஞ்சினைத் தனியாக மேசையில் வைத்து, மின்விசிறி, காற்று வடிகட்டி, சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்த மொத்தத் திறனை விளம்பரம் செய்தார்கள். 1972 முதல் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்த நிகரத் திறன். 1971 ஷெவெலின் 454 எஞ்சினுக்குப் பழைய அளவில் 365, அதே எஞ்சினுக்கு அதே ஆண்டு புதிய அளவில் 285. எஞ்சினில் ஒரு திருகுகூட மாறவில்லை.

ஆனால் உண்மையான இறக்கமும் உண்டு. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் எல்லா எஞ்சின்களிலும் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. காப்பீட்டுக்காரர்கள் இளைஞர்களிடம் மசில் காருக்குக் கட்டணத்தைக் கூட்டித் தள்ளினார்கள். 1973-இல் எண்ணெய்த் தடை வந்து மீதியை முடித்தது. அந்தக் குறைந்த அழுத்தம் இன்று உங்களுக்கு வரம். 1970-இன் உயர் அழுத்த எஞ்சின் இன்றைய பெட்ரோலைக் குடித்தால் ஏற்றத்தில் தட்டும். 1972 எஞ்சின் எதைப் போட்டாலும் முணுமுணுக்காமல் ஓடும்.

இன்னொரு வசதியும் உண்டு. 1972 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் வின் எண்ணில் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்.

கவிதா ஆன் ஆர்பர்

வாங்கினால் பழைய காருக்கான தனிக் காப்பீடு எடுங்கள், மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகை. சாதாரணக் காப்பீட்டில் உங்கள் காரை ஐம்பது வயதுக் குப்பை என்று கணக்குப் போடுவார்கள். மிச்சிகனின் ஹிஸ்டாரிக் பதிவுப் பலகை மலிவு, ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விருப்பம்போல ஓட்ட விட்டிருக்கிறார்கள். இந்த மாநிலத்தில் சட்டம் இயற்றியவர்களுக்கும் மோகம் இருந்திருக்கிறது.

நோவி செந்தில்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். வாங்கிவிட்டேன்!

1972 ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ் சுப்ரீம். 350 எஞ்சின், நான்கு வாய்க் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக், பச்சை. லான்சிங்கில் செய்து, லான்சிங்கிலேயே வாழ்ந்த கார். ஓய்வுபெற்ற ஒருவர், இரண்டாவது உரிமையாளர். ஒவ்வொரு நவம்பரிலும் அடியில் எண்ணெய் தெளித்து, கொட்டகையில் கட்டைமேல் ஏற்றிவைத்திருந்தார். 1980-களில் ஒருமுறை பெயின்ட் அடித்ததாக அவரே சொன்னார். டிக்கித் தரையில் ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு துளை, அதையும் அவரே காட்டினார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. ஐந்தாவது எழுத்து கே; 350, நான்கு வாய். பானெட்டைத் திறந்தால் அதுவேதான் இருக்கிறது. 24,500 டாலர்.

உறுமல் இல்லை. கனைக்கிறது. மகளுக்கு ஏமாற்றம், மனைவிக்கு நிம்மதி.

ஃபீனிக்ஸ் வெயில்

வாழ்த்துகள். அந்தத் துளையை இந்தக் கோடையிலேயே அடைத்துவிடுங்கள்.

கார்புரேட்டர் காதலன்

வாழ்த்துகள் செந்தில். கட்லஸின் வேக வகையான 442-இன் பட்டையும் எழுத்தும் இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கின்றன. 1972-இல் 442 என்பதும் கட்லஸின் கூடுதல் பொதிதான். சும்மா சொன்னேன்.

பழைய இரும்பு

தம்பி, உங்களை இந்த இழையிலிருந்து நீக்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

செந்தில், எண்ணெய் மாற்றும்போது துத்தநாகச் சேர்க்கை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இக்காலத்து எண்ணெயில் அது குறைவு, பழைய கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிடும். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்காது, மாற்றிவிடுங்கள். அப்புறம், பெட்ரோல் டாங்கின் தலையில் பில்ட் ஷீட் இருக்கிறதா பார்த்தீர்களா?

நோவி செந்தில்

டாங்கை இறக்க வேண்டும். அதில் இப்போது பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் ஓட்டித் தீர்த்துவிடுகிறேன்.